சிறு இருப்புப்பாதைக்கு ஒரு மலையும் ஒரு மரப்பாலமும்

மேசையின்மீது ஓடும் சிறு புகைவண்டியைக் கண்டு மகிழாத குழந்தை இல்லை. ஆயினும், தண்டவாளத்தை வட்டமாகப் பொருத்தி வண்டியைப் பத்து முறை சுற்றவிட்ட பின்னர் எந்தக் குழந்தைக்கும் ஓர் ஐயம் எழும். என் மகனுக்கும் எழுந்தது. அப்போது அவனுக்கு வயது 11. தில்லியில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில் இருந்தோம். சாணக்கியபுரியில் 1977ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு அவனை ஒருமுறை அழைத்துச் சென்றதன் விளைவாகவே இந்த விளையாட்டு இரயில் எங்கள் வீட்டுக்குள் புகுந்தது. வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் கேட்டான்: "அப்பா, இது எந்த ஊருக்குப் போகிறது?"

எந்த ஊருக்கும் போகவில்லை என்பதுதானே உண்மை! தண்டவாளம் இருந்தது, ஊர் இல்லை, ஆறு இல்லை, மேடு பள்ளம் இல்லை. வண்டி ஓடுவதற்கு ஒரு காரணம் வேண்டுமானால் அதற்கு ஒரு நிலப்பரப்பு வேண்டும். அந்த நிலப்பரப்பை வீட்டிலேயே எவ்வாறு அமைப்பது என்பதையும், அதில் ஒரு பள்ளத்தாக்கைக் கடக்க மரப்பாலம் ஒன்றை எவ்வாறு கட்டுவது என்பதையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் கலைப் பட்டதாரி, தொழிலால் மொழிபெயர்ப்பாளன். இரம்பத்தைக் கையால் தொட்டதே நாற்பது வயதுக்குப் பின்னர்தான். ஆகவே என்னால் இயன்றது எவராலும் இயலும்.

இக்கலை மேல்நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், பெரியவர்கள் தம் ஓய்வு நேரத்தையெல்லாம் செலவிடும் கலையாக வளர்ந்திருக்கிறது. இதற்கென்றே 1934ஆம் ஆண்டில் 'மாடல் ரெயில்ரோடர்' என்னும் மாத இதழ் அங்கே தோன்றியது. கலிபோர்னியாவில் மான்டெரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் என்பவர் தம் வீட்டின் நிலவறை முழுவதையும் தரையிலிருந்து கூரைவரை மலைகளாலும் பள்ளத்தாக்குகளாலும் நிரப்பி, அவற்றினூடே தம் சிறு இருப்புப்பாதையை ஓட்டினார். பார்த்தவர்கள் அது மேசைமேல் இருந்த பொருள் என்பதை மறந்தார்கள். 1973 ஜனவரியில் அவர் காலமானார். ஏறத்தாழப் பத்து நாட்கள் கழித்து அந்த வீட்டில் தீப்பற்றி, இருபதாண்டுக் காலத்துக்கும் மேற்பட்ட அவ்வுழைப்பின் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவை அவர் எடுத்த புகைப்படங்களே. அவர் தொழிலால் புகைப்படக்காரர் என்பது நமது நல்லூழ்.

அளவைப் பற்றி முதலில் ஒரு சொல். உலகில் மிகப் பரவலாக வழங்கும் அளவு எச்.ஓ. எனப்படுவது. இதில் உண்மைப் பொருளின் 87 அடி, மாதிரியில் ஓர் அடியாகக் குறைகிறது. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். கணக்குக்கு எளிய வழி, உண்மையில் ஓர் அடி என்பதை மாதிரியில் 3.5 மில்லிமீட்டர் என்று கொள்வது. ஆறடி மனிதன் 21 மில்லிமீட்டர் உயரமுள்ள குள்ளனாகிறான். இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் செய்யும் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். மறந்தால் வீடு சிறிதாகவும் வாசற்படி பெரிதாகவும் முடியும்.

இனி மரப்பாலத்துக்கு வருவோம். இதனை ஆங்கிலத்தில் 'டிரெசில்' என்பர். இதற்குத் தமிழில் என்ன சொல்லுவது என்று, தொழில் பழக்கத்தால், சில நாட்கள் அலைந்தேன். கட்டடம் கட்டுவோர் கட்டும் சாரம் நினைவுக்கு வந்தது. நெருக்கமாக நட்ட கால்கள், குறுக்கே பிணைத்த கழிகள், மேலே நடைபாதை: அதுவேதான் இது. ஆகவே இதனைச் சாரப்பாலம் என்றே இங்குக் குறிப்பிடுகிறேன். எதிர்வீட்டில் இருந்த ஒரு பெரியவர் பொன்மலைப் பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். என் மகனுக்கு 'மாமா'. அவரிடம் பெருமையோடு இச்சொல்லைக் கூறினேன். "நன்றாக இருக்கிறது சார். ஆனால் நாங்கள் டிரெசில் என்றே சொல்லிவிடுவோம்" என்றார்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மேற்குப் பகுதிகளில் இருப்புப்பாதை போட்டவர்கள் இத்தகைய பாலங்களை ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். காரணம் எளியது. இரும்பு தொலைவில் இருந்தது. காடு பக்கத்திலேயே இருந்தது. பணம் குறைவு, விரைவு மிகுதி. இரும்புப் பாலத்துக்குக் காத்திராமல், அங்கேயே மரத்தை வெட்டி அங்கேயே நிறுத்தி, வண்டியை ஓட்டி வருவாய் காணத் தொடங்கினார்கள். பின்னர் வசதி வந்தபோது, பாலத்தின் மீதே மண் வண்டிகளை நிறுத்தி இருபுறமும் மண்ணைக் கொட்டிப் பள்ளத்தையே நிரப்பி விடுவதும் உண்டு. இன்றைக்குக் கரையாகத் தோன்றும் பல மேடுகளின் வயிற்றுக்குள் பழைய மரப்பாலம் புதைந்து கிடக்கிறது.

எல்லாம் தற்காலிகமானவை என்று எண்ணிவிடக் கூடாது. கலிபோர்னியாவின் தென்கோடியில் கோட் கான்யன் என்னும் இடத்தில் 1932ஆம் ஆண்டில் ஒரு சுரங்கப்பாதை இடிந்தது. அதற்கு மாற்றாக 1933இல் செம்மரம் எனத்தக்க 'ரெட்வுட்' மரத்தால் 180 அடிக்கு மேல் உயரமுள்ள சாரப்பாலத்தை எழுப்பினார்கள். அது இன்றும் நிற்கிறது. கனடாவின் வான்கூவர் தீவில் 1920ஆம் ஆண்டில் முடிந்த கின்சால் பாலம் ஏறத்தாழ 44 மீட்டர் உயரமும் 188 மீட்டர் நீளமும் உள்ளது. 1979இல் அதன்மேல் கடைசி வண்டி சென்றது. பழுதுற்றுக் கிடந்த அதனை இடித்துவிடாமல் புதுப்பித்து, 2011இல் நடந்து செல்வோருக்குத் திறந்துவிட்டார்கள்.

பாலத்தின் உறுப்புகளை அறியாமல் மாதிரி செய்யப் புகுவது இலக்கணம் அறியாமல் மொழிபெயர்க்கப் புகுவதை ஒக்கும். நாங்கள் முதலில் அப்படித்தான் புகுந்தோம். மாமா ஒரு வழி சொன்னார்: "தம்பி, வண்டியின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்டு. காட்டத் தெரிந்தால் பாலம் கட்டத் தெரியும்."

விரலை வைத்துப் பார்ப்போம். சக்கரத்தின் பாரம் தண்டவாளத்தில் இறங்குகிறது. தண்டவாளத்திலிருந்து குறுக்கே கிடக்கும் சிலீப்பர் கட்டைகளுக்கு. அவற்றின் கீழே, ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேராக, பாலத்தின் நீளவாட்டில் மூன்று அல்லது நான்கு உத்தரங்கள் பக்கம் பக்கமாகச் செல்லும். இடையே காற்றுப் புகச் சிறிது இடைவெளி விடுவார்கள். ஒட்டி வைத்தால் நீர் தங்கி மரம் உளுத்துவிடும். உத்தரங்கள் ஒவ்வொரு 15 அடிக்கும் ஒரு தலைக்கட்டையின்மீது அமரும். தலைக்கட்டையைத் தாங்குபவை பெரும்பாலும் ஐந்து கால்கள். அவை அடிக்கட்டையில் ஊன்றி நிற்கும். அடிக்கட்டை கல் அடித்தளத்தில். தலைக்கட்டை, கால்கள், அடிக்கட்டை மூன்றும் சேர்ந்த ஒரு தொகுதியைச் சட்டகம் என்போம். பாலம் என்பது இத்தகைய சட்டகங்களின் வரிசை.

நடுக்கால் செங்குத்தாக நிற்கும். ஓரக்கால்களோ ஓர் அடி இறக்கத்துக்கு 2½ அல்லது 3 அங்குலம் வெளியே சாய்ந்திருக்கும். காற்றும் வண்டியின் ஆட்டமும் பாலத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதால், நாம் காலை அகட்டி நிற்பதுபோல் அதுவும் நிற்கிறது. அதோடு சட்டகத்தின் முன்னும் பின்னும் பெருக்கல் குறிபோல் குறுக்கு ரீப்பர்கள் அடிக்கப்படும். வண்டி திடீரென நிறுத்தப்படும்போது பாலம் நீளவாட்டில் சாயாதிருக்க, ஒரு சட்டகத்தை அடுத்ததனோடு நெடுக்குச் சட்டங்கள் பிணைக்கும். விளையாட்டுப் பாலங்களில் பலரும் விட்டுவிடுவது இந்த நெடுக்குச் சட்டத்தைத்தான். பார்த்தவுடன் ஏதோ குறைகிறது என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நீராவி எஞ்சினிலிருந்து தீக்கங்குகள் மரத்தில் விழும். ஆகவே பாலத்தின் ஓரத்தில் இடையிடையே சிறு மேடைகள் அமைத்து அவற்றில் நீர்ப்பீப்பாய்களை வைத்திருந்தார்கள். பாலத்தின் நடுவே வண்டி வந்துவிட்டால் வழிக்காவலர் ஒதுங்கி நிற்பதற்கும் அம்மேடைகளே புகல். மூன்றடிப் பீப்பாய் நம் அளவில் ஒரு சென்டிமீட்டர். அதை வைத்த நாளில்தான் எங்கள் பாலத்தில் மனிதர் நடமாட்டம் இருப்பதாக என் மகனுக்குத் தோன்றிற்று.

நாங்கள் எடுத்துக்கொண்ட பள்ளத்தாக்கு உண்மையளவில் 150 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடையது. மாதிரியில் 525 மில்லிமீட்டர் அகலம், 210 மில்லிமீட்டர் ஆழம். 15 அடிக்கு ஒரு சட்டகம் என்றால் 52.5 மில்லிமீட்டருக்கு ஒன்று; இரு கரைகளுக்கும் இடையே ஒன்பது சட்டகங்கள். கால்களும் தலைக்கட்டைகளும் ஓரடிச் சதுரக் கட்டைகள். ஆகவே மூன்றரை மில்லிமீட்டர் சதுரக் குச்சிகள். குறுக்கு ரீப்பர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் கனமும் மூன்று மில்லிமீட்டர் அகலமும் போதும். பால்சா மரம் எளிதில் வெட்டுப்படும், ஆனால் நசுங்கும். தச்சர் ஒருவரிடம் சொல்லி, தேக்குச் சிம்புகளை அறுத்துப் பெற்றோம். ஐஸ் குச்சிகளைப் பயன்படுத்துவோர் உண்டு. அவற்றின் கனம் இரட்டிப்பாக இருப்பதால் ரீப்பர்கள் பருத்துத் தெரியும்.

மரத்துக்கு நிறம் ஏற்றுவதை ஒட்டுவதற்கு முன்பே செய்தல் வேண்டும். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பாலம் முழுவதும் வெள்ளைத் திட்டுகளாய் நிற்கும். பழுப்பு வார்னிஷ் பூசாதீர்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் பழுப்பாயிராது, சாம்பல் நிறமாயிருக்கும். இந்நிறத்துக்கு அமெரிக்கர்கள் இரும்புநார்ப் பஞ்சை வினிகரில் ஊறவைத்துப் பூசுகிறார்கள். அதற்கு முன் மரத்தில் தேயிலைச் சாற்றைப் பூசினால் கருமை கூடும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுக்கும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த செய்தி அல்லவா? பழைய எழுதுமையே அவ்வழியில் செய்ததுதான். தேயிலைக்குப் பதில் கடுக்காய் ஊறிய நீரைப் பூசி, உலர்ந்ததும் துரு ஊறிய வினிகரைப் பூசினோம். அரைமணியில் புதுத் தேக்கு ஐம்பதாண்டு மழை பார்த்த மரமாயிற்று. கலவையை நீர்விட்டு மிக நன்றாக இளக்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் கட்டுக் குச்சிகள் கரிக்கட்டைகளாகவே போய்விட்டன.

சட்டகங்களைக் கண்ணளவில் ஒட்டினால் ஒன்பதும் ஒன்பது விதமாகும். ஒரு தாளில் மிக உயரமான சட்டகத்தை முழு அளவில் வரைந்துகொள்க. மேலே ஓரக்கால்களுக்கு இடையே 42 மில்லிமீட்டர். 210 மில்லிமீட்டர் இறக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் விரிந்து, அடியில் 130 ஆகிறது. அத்தாளைப் பலகையில் ஒட்டி, கோடுகளின் இருபுறமும் சிறு கட்டைகளை ஆணியடித்தால் அச்சுப்பலகை கிடைத்துவிடும். குச்சிகளை அதற்குள் வைத்து ஒட்டினால் போதும். குட்டைச் சட்டகத்துக்கு வேறு அச்சு வேண்டா. சாய்வு ஒன்றே ஆதலால், மேலிருந்து வேண்டிய உயரத்துக்கு மட்டும் செய்தால் சரியாக அமையும். பசை பலகையில் ஒட்டாதிருக்க மெழுகுத்தாளை விரித்துக்கொள்வது நலம்.

இனி எங்கள் தோல்வியைச் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் மலையைக் கட்டி, அது இறுகிய பின்னர், பள்ளத்தாக்கின் தரையை ஒவ்வோரிடத்திலும் அளந்து அதற்கேற்பச் சட்டகங்களை வெட்டினோம். அறிவுக்குப் பொருந்திய முறையாகவே தோன்றியது. ஆனால் நான்காம் சட்டகம் இரண்டு மில்லிமீட்டர் குட்டையாக அமைந்து, தரையைத் தொடாமல் தொங்கிற்று. நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குடியிருப்பிலிருந்த தன் நண்பர்கள் ஆறு பேரை மகன் அழைத்திருந்தான். எஞ்சின் பாலத்தில் ஏறியது. நான்காம் இடத்தில் உத்தரம் தாழ்ந்தது. தண்டவாள இணைப்பு பிளந்தது. எஞ்சின் பள்ளத்தில் தலைகுப்புற விழுந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எஞ்சினை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டான். மூன்று வாரம் அந்தப் பலகையின் பக்கமே போகவில்லை. "அளந்தது அப்பாதானே" என்று மட்டும் தன் தாயிடம் சொன்னானாம். அது உண்மை.

மூன்று வாரத்துக்குப் பின் மாமா வந்து பார்த்தார். பாலத்தை அவர் குறை கூறவில்லை. "உண்மையான மலையை நாம் உயர்த்த முடியாது, ஆகவே பாலத்தைத் தரைக்கு ஏற்ப வெட்டுகிறோம். இந்த மலை உங்கள் கையில் அல்லவா இருக்கிறது? தரையைப் பாலத்துக்குக் கொண்டு வாருங்கள்" என்றார். அன்று மாலையே மகன் பலகையைச் சுவரோரத்திலிருந்து வெளியே இழுத்தான்.

அம்முறை இது. பள்ளத்தாக்கின் தரையை வேண்டிய அளவினும் ஐந்து மில்லிமீட்டர் தாழ்வாக விட்டுவிடுங்கள். தண்டவாளத்தின் அடிமட்டத்தில் இரு கரைகளுக்கும் இடையே நூலொன்றை இறுகக் கட்டி, 52.5 மில்லிமீட்டருக்கு ஒருமுறை தரைவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதில் சிலீப்பருக்கும் உத்தரத்துக்குமாக 7 மில்லிமீட்டரும், தரைத்தாழ்வுக்கு 5 மில்லிமீட்டரும் கழித்தால் சட்டகத்தின் உயரம். பின்னர்ப் பாலத்தின் மேற்பகுதியைச் சமதளப் பலகையொன்றில் தலைகீழாக வைத்து, சட்டகங்களை மூலைமட்டம் பார்த்து அதன்மேல் ஒட்டுங்கள். நெடுக்குச் சட்டங்களையும் அப்போதே பொருத்திவிடலாம். உலர்ந்ததும் நிமிர்த்திக் கரைகளின்மேல் அமர்த்தினால், எல்லாக் கால்களும் தரைக்குச் சற்று மேலே தொங்கும். ஒவ்வோர் அடிக்கட்டையின் கீழும் ஈரமான பாரிஸ் சாந்தைச் சிறு கல்மேடைபோல் திணித்து நிரப்புங்கள். சாந்து தானே உயரத்தைத் தேடிக்கொள்ளும். அடிக்கட்டையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டு இதனைச் செய்தால், இறுகிய பின்னர்ப் பாலத்தை அப்படியே தூக்கி எடுக்கவும், மீண்டும் அதே இடத்தில் வைக்கவும் இயலும். இதன் பயனைப் பின்னர்க் கூறுகிறேன்.

மலைக்குப் பெரும்பொருள் வேண்டா. அட்டைக்கீற்றுகளைக் கூடைபோல் பின்னி மலையின் வடிவத்தை அமைத்து, அதன்மேல் பாரிஸ் சாந்தில் தோய்த்த துணித்துண்டுகளை இரண்டு அடுக்காகப் போர்த்துவதுதான் வழி. என் பழைய வேட்டிகள் இரண்டு மலையாயின. நீரில் சாந்தைப் போடுக. சாந்தில் நீரை ஊற்றினால் கட்டிதட்டும். கால்மணியில் இறுகிவிடுமாதலால் கொஞ்சம் கொஞ்சமாகவே கரைத்துக்கொள்ள வேண்டும். கரைக்கும்போதே காவிப்பொடி சிறிது சேர்த்துவிட்டால், பிற்காலத்தில் ஓரம் பெயர்ந்தாலும் வெள்ளை தெரியாது. பாறை முகத்துக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, பாதி விரித்து, அதில் சாந்தை ஊற்றி இறுகத் தொடங்குகையில் மலையில் அழுத்திப் பிடியுங்கள். தாளை உரித்தால் பாறை நிற்கும். அதன்மேல் நீர்த்த கருஞ்சாயத்தை வழியவிட்டால் அது பிளவுகளில் தங்கி நிழலாகும்.

மண் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. யமுனை மணல் எளிதில் கிடைக்கிறதே என்று சலித்துத் தூவினோம். விளக்கின் கீழ் பள்ளத்தாக்கு முழுவதும் மின்னிற்று. அம்மணலில் அப்பிரகம் மிகுதி. 87 மடங்கு குறைந்த உலகில் ஒவ்வொரு துகளும் கண்ணாடிப் பலகை. தோட்டத்து மண்ணே மேல். அதனையும் காந்தத்தால் ஒருமுறை துழாவிவிட வேண்டும். இரும்புத்துகள் இருந்தால் எஞ்சினின் மோட்டார்க்குள் போய் ஒட்டிக்கொள்ளும். தூவிய மண் நிலைக்க, முதலில் ஒரு சொட்டுச் சோப்பு கலந்த நீரைத் தெளித்து நனைத்து, பின்னர் ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு மூன்று பங்கு நீர் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். நனைக்காமல் விட்டால் பசை முத்துமுத்தாய் உருண்டோடும்.

மரங்களில் பலரும் தவறுவது உயரத்தில். அம்மலைகளின் டக்ளஸ் ஃபர் மரங்கள் 200 அடிக்கு மேல் வளர்பவை. நம் அளவில் 70 சென்டிமீட்டர்! மேசையில் அதற்கு இடமில்லை. முன்னே 20 சென்டிமீட்டர், பின்னே போகப்போக 10, 5 என்று குறைத்தால் தொலைவு தானே பிறக்கும். இரு கம்பிகளுக்கு இடையே தேங்காய் நாரை வைத்து முறுக்கி, கூம்பாகக் கத்தரித்து, பச்சைச் சாயமிட்ட மரத்தூளில் புரட்டினால் மரம் தயார். எங்கள் காட்டில் 64 மரங்கள். பின்திரை வானத்தை அடியில் வெளிறியும் மேலே அடர்ந்தும் தீட்டுங்கள். தொலைமலைகளைப் பச்சையாக்காமல் சாம்பல் நீலமாக்குங்கள்.

பாலத்தைத் தூக்கி எடுக்கும்படி செய்ததன் பயனைச் சொல்லவில்லை. மத்திய அரசுப் பணியாளர் வீட்டில் சுவரில் ஆணியடிப்பதற்குக் கூட ஒருமுறை யோசிக்கிறோம். மாற்றல் உத்தரவு எந்நாள் வரும் என்று யார் அறிவார்? இந்நூற்பிரதியைப் படிக்கும் பலருக்கும் அதுவே நிலை. ஆகவே முழுவதையும் மூன்றடிக்கு இரண்டடிப் பலகைகள் இரண்டின்மேல் கட்டி, நடுவே தண்டவாளத்தைப் பிரித்து, போல்ட்டு முடுக்கிப் பொருத்தும்படி அமைத்தோம். பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பலகையில் இருக்க வேண்டும். பாலத்தின் நடுவில் பிரிவு வரலாகாது.

அவ்வாறே சென்ற ஆண்டு கொல்கத்தாவுக்கு உத்தரவு வந்தது. பாலத்தைத் தூக்கி, பழைய புடவையில் சுற்றி, தனிப் பெட்டியில் வைத்து, இரயிலில் மகன் தன் மடியிலேயே கொண்டுவந்தான். மலை சாமான் வண்டியில் வந்தது. ஒரு மூலை பெயர்ந்திருந்தது, காவி நிறமாகவே. கரைகளின்மேல் பாலத்தை இறக்கினோம். நான்காம் சட்டகத்தின் அடியில் அவன் ஒரு தாளை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. எஞ்சினுக்கு முன் கூழாங்கல் நிரப்பிய சரக்குப் பெட்டியைத் தள்ளிவிட்டு, கன்னத்தைப் பலகையில் வைத்து, பாலத்தின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தான். மாமாவுக்கு அன்றிரவே கடிதம் எழுதினான், தமிழிலேயே எழுதினான். ஒரே ஓர் எழுத்துப்பிழை: சாரப்பாலத்தைச் 'சாறப்பாலம்' என்று எழுதியிருந்தான்.